எட்டு அடி ஹோலுக்கு எந்த ரிவி, எந்த பொக்ஸ்?

கேள்வி: அண்ணா, நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். ஹோலில் இருக்கிற 32 அங்குல ரிவியில் கோடு விழத் தொடங்கிவிட்டது. கனடாவில் இருக்கிற தமையன் புது ரிவிக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறார். அங்கேயே ஒன்று வாங்கிப் பொதியில் போட்டுவிடவா என்றும் கேட்கிறார். டவுனில் ஒரு கடைக்காரர் 65 அங்குல 4கே எடுக்கச் சொன்னார். அம்மாவுக்குப் பின்னேரம் நாடகமும் செய்தியும் வேண்டும், என் கணவருக்குக் கிரிக்கெட், பிள்ளைகளுக்கு யூரியூப்பும் நெட்பிளிக்ஸும். இப்போது வருவது பக்கத்து ஆள் இழுத்துத் தந்த கேபிள் வயர். டிஷ் பூட்டினால் மாரியில் படம் வராது என்று பயப்படுத்துகிறார்கள். கதிரையிலிருந்து சுவர் வரை 8 அடி. எதை எடுப்பது? பழைய ரிவியை என்ன செய்வது? (ஓர் ஆசிரியை, உப்புவெளி)

பதில்:

தங்கச்சி, தூரத்தை அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி. கடைக்கு வருகிறவர்களில் அதிகமானோர் விலையையும் அங்குலத்தையும் மட்டும்தான் கேட்பார்கள். எட்டு அடி என்று நீங்கள் எழுதியதால்தான் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

நேராகச் சொல்கிறேன். ரிவியைப் பற்றி யோசிக்க முன்னம் உங்கள் வீட்டுக்குள் வருகிற படத்தைப் பற்றி யோசியுங்கள். இப்போதுள்ள கேபிள் வயரை அப்படியே கொண்டுபோய் 65 அங்குல 4கே ரிவியில் கொழுவினால், இன்று 32 அங்குலத்தில் பார்ப்பதைவிட மோசமான படத்தைத்தான் அம்மா பார்ப்பார். பாஸ்போர்ட் அளவுப் படத்தை பனர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டினால் முகம் எப்படி இருக்குமோ, அதுதான் நடக்கும். தமையன் அனுப்புகிற காசு வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால் இணைப்புக்கும், சனலைப் பிடித்து ரிவிக்குக் கொடுக்கிற பொக்ஸுக்கும் உரிய பங்கை முதலில் எடுத்து வையுங்கள். மிச்சத்துக்கு எந்த ரிவி வருகிறதோ அதை எடுக்கலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் அன்ரனாவில் வரும் ஒளிபரப்பு இன்னும் பழைய அனலொக் முறைதான். அதில் படத்துக்கு 576 வரிகள். அதையே டிஜிட்டலாக்கி எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) சனலாக பொக்ஸில் தந்தால் 720க்கு 576, அதாவது ஏறத்தாழ 4 இலட்சம் புள்ளிகள். முழு எச்.டி. என்பது 1920க்கு 1080, ஏறத்தாழ 20 இலட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள், எஸ்.டி.யைப் போல ஐந்து மடங்கு. 4கே 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 இலட்சம். எஸ்.டி. சனலை 4கே ரிவியில் போடும்போது, வருகிற ஒவ்வொரு புள்ளிக்கும் இருபது புள்ளி இடத்தை ரிவி தானே ஊகித்து நிரப்புகிறது. எவ்வளவு நல்ல ரிவியாக இருந்தாலும் இல்லாத விவரத்தை அதனால் உண்டாக்க முடியாது.

இனி உங்கள் எட்டு அடி. எட்டு அடி என்றால் 96 அங்குலம். படம் கண்ணுக்கு நிறைவாகவும் தலையைத் திருப்பத் தேவையில்லாமலும் இருக்க, திரையின் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், ஏறத்தாழ 1.6 மடங்கில் இருக்க வேண்டும் என்பது சினிமாத் தொழிலில் இருந்து வந்த அளவு. 96ஐ 1.6 ஆல் பிரித்தால் 60 அங்குலம். கடைக்காரர் 65 என்றதில் முழுப் பிழை இல்லை. நல்ல எச்.டி. படமோ 4கே படமோ மட்டும்தான் பார்க்கிற வீடென்றால் அது பொருந்தும். ஆனால் எஸ்.டி. சனலின் குறை கண்ணுக்குத் தெரியாமல் இருக்க ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம் வேண்டும். எட்டு அடிக்கு அது 32 அங்குலம். உங்கள் பழைய ரிவியில் கேபிள் படம் "பரவாயில்லை" போலத் தெரிந்ததன் காரணம் இதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வீடு இருக்கிறது. அம்மா பார்க்கிற சனல்களில் சில இன்னும் கொஞ்சக் காலத்துக்கு எஸ்.டி.யாகத்தான் வரும். உங்கள் கணவர் பார்க்கிற கிரிக்கெட் எச்.டி.யில் வரும். அதனால் என் முடிவு 50 அங்குலம். இடம் இடுக்காக இருந்தால் 43ம் நல்லது. 55 வரைக்கும் நான் மறுக்க மாட்டேன். 65 வேண்டாம்.

அதே கணக்கில் இன்னொன்றும் வெளிவரும். 50 அங்குலத்தில், எட்டு அடியில் இருந்து பார்க்கிற சாதாரணக் கண்ணுக்கு முழு எச்.டி.யின் புள்ளியே தனித்தனியாகத் தெரியாது. அதற்கு மேல் 4கே தருகிற கூடுதல் புள்ளிகளைக் காண ஆறடிக்கும் கிட்டப் போய் இருக்க வேண்டும். இப்போது 50 அங்குலத்தில் விற்பனைக்கு வருவது கிட்டத்தட்ட எல்லாமே 4கே என்பதால் அது தானாகவே உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் 43 எடுத்தால், முழு எச்.டி. ஒன்றுக்கும் 4கே ஒன்றுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால், 4கே என்ற எழுத்துக்காக அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம். 32 அங்குலத்தில் "எச்.டி. ரெடி" என்று போட்டு விற்பதில் பெரும்பாலானவை 1366க்கு 768 மட்டும்தான், முழு எச்.டி. இல்லை. அம்மாவின் அறைக்குப் பின்னர் ஏதாவது வாங்கினால் இதை நினைவில் வைத்திருங்கள்.

தமையனிடம் சொல்லுங்கள்: காசாக அனுப்பட்டும், ரிவி வேண்டாம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அங்கே விற்கிற பல ரிவிகள் 110இலிருந்து 120க்கு மட்டும் செய்தவை. பின்பக்கம் 100–240 என்று எழுதியிருந்து, நேராகக் கொழுவக் கூடியதாக இருந்தாலும் ஆபத்து முடியவில்லை. அங்கே படம் செக்கனுக்கு 60 என்ற கணக்கில் ஓடும், நம் ஒளிபரப்பு 50. வட அமெரிக்காவுக்கென்று செய்த ரிவிகளில் பல 50 ஹேர்ட்ஸ் சிக்னலை ஏற்காது. பொக்ஸைக் கொழுவினால் "சிக்னல் இல்லை" என்று எழுத்து வரும், அல்லது படம் துடிக்கும். அப்படி வந்த ரிவிகளைத் தூக்கிக்கொண்டு வருகிற வீட்டுக்காரரிடம் "இதை ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமான வேலை. பாசத்தோடு அனுப்பிய பொருள் அது. பொதியில் திரை வெடித்தால் அதற்கும் பொறுப்புச் சொல்ல ஆள் கிடையாது.

சரி, எந்த இணைப்பு?

முதலில் உங்கள் வீதியில் ஃபைபர் கம்பி வந்திருக்கிறதா என்று ரெலிகொம் அலுவலகத்தில் விலாசத்தைச் சொல்லிக் கேளுங்கள். உப்புவெளியின் ஒரு வீதியில் இருக்கிறது என்பதற்காக அடுத்த ஒழுங்கையிலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபைபர் கிடைத்தால் நான் உங்களுக்கு அதையே சொல்வேன், பொக்ஸுக்கு ரெலிகொம் தருகிற பியோ ரிவி. காரணம் பிள்ளைகள். யூரியூப்பும் நெட்பிளிக்ஸும் பார்க்க எப்படியும் இன்டர்நெட் வேண்டும். நெட்பிளிக்ஸ் தன் கணக்கில் முழு எச்.டி.க்கு செக்கனுக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் இன்டர்நெட் வேகம் கேட்கிறது. ஃபைபரில் இது இரண்டும் பிரச்சினையே இல்லை, அதே கம்பியில் ரிவி சனலும் வந்துவிடும். மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. றூட்டர் ஹோலிலேயே இருந்தால் பொக்ஸை வைஃபையில் விடாமல் லான் கேபிளால் கொழுவுங்கள். சுவர்கள் தாண்டி வருகிற வைஃபையில் கிரிக்கெட் ஓவர் நடுவில் நின்று நின்று வந்து, பழி பொக்ஸில் விழும்.

ஃபைபர் இல்லையென்றால் டயலொக் ரிவி டிஷ். மாரிப் பயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தில் உண்மை உண்டு, ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. செய்மதியில் இருந்து வருகிற அலை மிகச் சிறியது, மழைத்துளியும் தடித்த மேகமும் அதன் பலத்தை உறிஞ்சிவிடும். அடித்து ஊற்றும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு போய்விடும். மழை தணிந்ததும் வரும். டிஜிட்டலில் இடைநிலை மிகக் குறைவு. சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போகும் வரை படம் கண்ணாடி போல இருக்கும், அதைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது. எனவே வெயில் நாளில் படம் நன்றாக வந்தது என்பதால் டிஷ் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. விளிம்பில் நிற்கிற டிஷ் சின்னத் தூறலுக்கே போகும். சரியாகத் திருப்பிய டிஷ் நல்ல மழைக்கும் நிற்கும். பூட்ட வருகிறவரிடம் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது பொக்ஸின் மெனுவில் சிக்னல் பலம், சிக்னல் தரம் என்று இரண்டு கோடு இருக்கும், அதைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டில் தரம்தான் முக்கியம். அது இதற்குமேல் ஏறாது என்ற இடம் வரும்வரை டிஷ்ஷை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அசைக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்குகிறவரை விட வேண்டாம்.

டிஷ் மேற்கு வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும், ஏறத்தாழ அரைவாசி உயரத்துக்கு நிமிர்ந்து. மேற்குப் பக்கத்தில் தென்னையோ மாவோ நின்றால் இன்றைக்கு இடைவெளி இருந்தாலும் இரண்டு வருடத்தில் ஓலை மறைக்கும், அதையும் பார்த்து இடம் எடுங்கள். கடல் கிழக்கில் என்பதால் உப்புக்காற்று டிஷ்ஷின் முதுகில் அடிக்கும், அங்கேதான் தாங்கியும் நட்டுகளும் இருக்கின்றன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் திருக்கடலூரிலும் நான் பார்க்கிற பழுதில் பெரும்பங்கு பொக்ஸிலோ ரிவியிலோ இல்லை, துருப்பிடித்த நட்டிலும் பச்சை பூத்த கேபிள் முனையிலும்தான். துருப்பிடிக்காத ஸ்டீல் நட்டும் ஆணியும் போடச் சொல்லுங்கள், அதற்கு ஆகிற கூடுதல் காசை நீங்களே கொடுங்கள். டிஷ்ஷின் கண்ணில் கேபிள் ஏறுகிற இடத்துக்கு ரப்பர் ரேப் நன்றாக இழுத்துச் சுற்ற வேண்டும், சாதாரணக் கறுப்பு ரேப் ஒரு மாரியைத் தாங்காது. வீட்டுக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

காற்றையும் மறக்கக் கூடாது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் நம் மாவட்டத்தில் குச்சவெளி, திரியாய் பக்கமாகத்தான் கரையேறியது. டிஷ்ஷை ஓட்டுக் கூரையின் மரத்திலோ அஸ்பெஸ்டஸ் தகட்டிலோ பூட்ட விட வேண்டாம். கொங்கிறீற் பிளேட் அல்லது சீமெந்துச் சுவரில், விரிகிற போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். எட்டக்கூடிய உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, உப்பைக் கழுவவும் நட்டைப் பார்க்கவும் ஏணி தேவைப்படாது.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, பின்னேரத்தில் சில நிமிடம் படம் போய் வரும். அந்த நேரம் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருவதால் நடப்பது அது. யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுத்துத் திருத்தத் தேவையில்லை.

இந்தியாவில் இருந்து கொண்டுவந்த டிஷ் பொக்ஸ்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள், தமிழ்ச் சனல் அதிகமாக வரும் என்று. அந்தச் சேவைகளுக்கு இந்தியாவுக்குள் மட்டும்தான் அனுமதி. யாரோ ஒருவரின் பெயரிலும் இந்திய விலாசத்திலும் ஓடுகிற பொக்ஸ் அது. ஒரு நாள் அட்டை நின்றால் நீங்கள் முறையிட ஓர் இடமும் இல்லை. குடும்பத்துக்கென்று நிரந்தரமாக எடுக்கிற இடத்தில் அதை நான் சொல்ல மாட்டேன்.

எந்தச் சேவையானாலும் காசு கட்ட முன்னம் அம்மாவை இருத்தி, அவர் பார்க்கிற சனல்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கணவர் பார்க்கிற விளையாட்டுச் சனலையும் எழுதுங்கள். அந்தத் தாளைக் கொடுத்து, எது எந்தப் பக்கேஜில், எது எச்.டி.யில் வருகிறது என்று கேளுங்கள். நூறு சனல், நூற்றைம்பது சனல் என்ற எண்ணிக்கை உங்களுக்கு எதற்கும் உதவாது. பொக்ஸ் எச்.டி. பொக்ஸ்தானா என்று பெட்டியில் வாசித்துப் பாருங்கள். பழைய எஸ்.டி. பொக்ஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் எச்.டி. சனல் வராது. ஒரே சனல் எஸ்.டி.யில் ஓர் எண்ணிலும் எச்.டி.யில் வேறோர் எண்ணிலும் இருப்பது வழக்கம். அம்மா பழைய எண்ணையே அமத்திக்கொண்டிருந்தால் எச்.டி.க்குக் கட்டிய காசு வீண். எச்.டி. எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ரிமோட் வைக்கிற இடத்தில் ஒட்டி விடுங்கள். ரிமோட்டில் விருப்பச் சனல் என்று ஒரு பட்டன் இருந்தால் அவருடைய ஆறேழு சனலையும் அதில் ஏற்றிக் கொடுக்கலாம்.

இப்போது நான் மிகவும் வருந்துகிற விஷயம். நல்ல ரிவி, நல்ல எச்.டி. பொக்ஸ், மாதாமாதம் எச்.டி. பக்கேஜுக்குக் காசு, எல்லாம் இருக்கும். ஆனால் பொக்ஸில் இருந்து ரிவிக்குப் போவது சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை கொண்ட பழைய ஏ.வி. வயராக இருக்கும். பழைய ரிவிக்குக் கொழுவியதை அப்படியே புதுசுக்கும் கொழுவிவிட்டார்கள். அந்த மஞ்சள் முனையால் எச்.டி. போகாது, எவ்வளவு கட்டினாலும் எஸ்.டி.தான் வரும். எச்.டி.எம்.ஐ. கேபிள்தான் கொழுவ வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சாதாரண விலைக் கேபிளே போதும். தங்கப் பூச்சு, தடித்த உறை என்று நாலு மடங்கு விலை சொல்வதால் படம் ஒரு துளியும் கூடாது.

கொழுவியதும் பொக்ஸின் மெனுவுக்குப் போய் வெளியீட்டை 1080, 50 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். சில பொக்ஸ் 576 அல்லது 720இல் வைத்தபடியே வரும். 60இல் வைத்தால் கிரிக்கெட்டில் பந்து ஓடும்போதும் கமரா திரும்பும்போதும் சின்னச் சின்ன உதறல் தெரியும். ரிவியில் "விவிட்" அல்லது "டைனமிக்" என்ற படமுறை இருந்தால் அதை மாற்றுங்கள். கடையில் பளிச்சென்று காட்ட வைத்த முறை அது, வீட்டில் முகமெல்லாம் ஆரஞ்சாகத் தெரியும், கரண்டும் கூடக் குடிக்கும். "சினிமா" அல்லது "மூவி" முறையில் போட்டு இரண்டு நாள் பாருங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும், கண் பழகியதும் பழையதுக்குத் திரும்ப மாட்டீர்கள். பழைய சனல்களில் படம் சதுரமாக வந்து இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள். இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள்.

கடையில் ரிவியைப் பார்க்கும்போது, அவர்கள் ஓடவிட்டிருக்கிற பூவும் அருவியும் வேண்டாம். அது 4கேயில் எடுத்த காட்சிப் படம், எந்த ரிவியிலும் அழகாகத்தான் இருக்கும். ஒரு சாதாரணத் தமிழ்ச் சனலைப் போடச் சொல்லுங்கள், செய்தி வாசிப்பவரின் முகத்தையும் கீழே ஓடுகிற எழுத்தையும் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். அம்மாவின் கதிரை நேராக இல்லாமல் ஓரத்தில் இருந்தால் இது முக்கியம், சில திரைகளில் ஓரத்தில் இருந்து நிறம் வெளிறிப் போகும். "எச்.டி.ஆர்." (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் முறை) என்று மட்டை முழுக்க எழுதியிருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். விலை குறைந்த ரிவிகள் அந்த சிக்னலை ஏற்கும், ஆனால் அதைக் காட்டுகிற வெளிச்சம் அவற்றின் திரையில் இல்லை.

ஸ்மார்ட் விஷயத்தில் ஒன்று மட்டும். நெட்பிளிக்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால், அது ரிவியில் தொழிற்சாலையிலேயே வந்திருக்கிறதா, ரிமோட்டில் அதற்குப் பட்டன் உண்டா என்று பாருங்கள். பெயர் தெரியாத சில ரிவிகளில் வெறும் ஆண்ட்ராய்டை ஏற்றி, நெட்பிளிக்ஸைப் பின்னர் போட்டுத் தருவார்கள். உரிய அனுமதி இல்லாததால் அது எஸ்.டி.யில்தான் ஓடும்.

திரையை உயரத்தில் மாட்ட வேண்டாம், தங்கச்சி. நம் ஊரில் சாமிப் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் பக்கத்தில் ரிவியை ஏற்றுகிற வழக்கம் இருக்கிறது. அம்மாவின் கழுத்துக்கு அது கேடு. கதிரையில் இருக்கும்போது திரையின் நடு கண்ணுக்கு நேராக, அல்லது கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். 50 அங்குலத் திரை ஏறத்தாழ 111 சென்ரிமீட்டர் அகலம், 62 உயரம். இப்போது பல ரிவிகளுக்குக் கால் இரண்டும் ஓரங்களில்தான் இருக்கிறது, மேசையின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள். கிழக்கு யன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் காலை வெளிச்சம் திரையில் அடிக்கும், கடல் காற்றும் நேராக ரிவியில் படும். பக்கச் சுவர் நல்லது. பின்னால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். திரையைத் துடைக்க காய்ந்த மென்துணி போதும், ஈரத்துணியும் ஸ்பிரேயும் வேண்டாம்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். மெல்லிய ரிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கிறது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் குறைவென்றால் சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பேச்சு விளங்காமல் இசைதான் பெரிதாகும். ரிவியின் சத்த முறையில் "வொய்ஸ்" அல்லது "நியூஸ்" என்று இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் பிறகு ஒரு சின்ன சவுண்ட்பார் வாங்கலாம். அதற்காக ரிவியில் "ஆர்க்" என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

மின்னல்தான் என் மேசைக்கு அதிகம் ரிவிகளைக் கொண்டுவருகிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், அதோடு டிஷ் கேபிளையும் லான் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் கேபிளை விட்டால் மின்னல் அந்த வழியால் வந்து, பொக்ஸைச் சுட்டு, எச்.டி.எம்.ஐ. வழியாக ரிவியின் போர்டையும் சுடும். ட்ரிப் சுவிட்ச் ஆட்களைக் காப்பாற்றப் போட்டது, ரிவியை அது காக்காது. ஸ்டெபிலைசருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, இன்றைய ரிவிகள் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாமே தாங்கும். அந்தக் காசில் நல்ல சேர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று பாய்கிற மின்சாரத்தைத் தடுக்கிற பிளக்) ஒன்று எடுங்கள், வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டில் புரொடெக்டர் பாதி வேலைகூடச் செய்யாது.

கரண்ட் பில்லில் பயப்பட ஒன்றுமில்லை. 50 அங்குல எல்.ஈ.டி. ரிவி 100 வாட் அளவில் எடுக்கும், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 15 யூனிட். கவனிக்க வேண்டியது பொக்ஸை. ரிவியை நிறுத்திவிட்டுப் பொக்ஸை இருபத்துநாலு மணித்தியாலமும் விட்டால் அது தனியாக மாதம் ஏழெட்டு யூனிட் எடுக்கக் கூடும். நம் பில் 30, 60, 90 என்று படிப்படியாக விலை ஏறுகிறது, நீங்கள் ஒரு படியின் ஓரத்தில் இருந்தால் அந்த ஏழெட்டு யூனிட்டே அடுத்த படிக்குத் தள்ளிவிடும். இரவில் சுவரில் உள்ள சுவிட்சையே அமத்துங்கள்.

வாங்கும் கடையில் ஒரே ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: பழுதானால் ஆள் திருகோணமலைக்கு வருவாரா, நான் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா? 260 கிலோமீட்டர் ரிவியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் வழியிலேயே திரை உடையக் கூடும். திரை உடைந்தால் வாரண்டி பொறுப்பெடுக்காது, புதுத் திரையின் விலை கிட்டத்தட்ட ஒரு ரிவி விலை. அதனால் கடையிலோ வீட்டு வாசலிலோ, கொண்டுவந்தவர் நிற்கும்போதே பிரித்துப் போட்டுப் பாருங்கள். வாகனத்தில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. பில்லில் மொடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். கடை ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம், அதற்கு இந்தப் பில் வேண்டும்.

பழைய 32 அங்குலத்தில் விழும் கோடு திரையின் ஓரத்து நாடாவில் இருந்து வருவதாக இருக்கும். அதைத் திருத்தச் செலவழிக்க வேண்டாம், திருத்தினாலும் நிலைக்காது. கோடு பெரிதாக உறுத்தாவிட்டால் அம்மாவின் அறையில் வைத்து, கேபிள் வயரை அங்கே விடுங்கள். அந்த அளவுக்கு அந்தப் படம் பொருந்தும், இரவு கிரிக்கெட் நடக்கும்போது நாடகத்தை விட்டுக்கொடுக்கவும் தேவையிராது. புதுச் சேவையை அந்த அறையிலும் கேட்டால் இன்னொரு பொக்ஸும் இன்னொரு கட்டணமும் வரும், ஒரு பொக்ஸில் இரண்டு ரிவிக்கு வெவ்வேறு சனல் பார்க்க முடியாது. ஃபைபர் இருக்கிறதா என்பதற்குப் பதில் கிடைத்ததும் எழுதுங்கள். டிஷ்தான் என்று ஆனால், மாரி தொடங்க முன்னம், செப்டெம்பருக்குள் பூட்டிவிடுங்கள்.